ஸ்டாக்ஹோமில் ஒரு நாள்: அவசரப்படாமல் நடந்து பார்ப்பது எப்படி

முதலில் ஷூவைப் பற்றிப் பேசிவிடுவோம். ஸ்டாக்ஹோமின் பழைய பகுதியில் தெருவெல்லாம் கல் பாவியிருக்கும், ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம், மழை பெய்தால் எண்ணெய் தடவினாற்போல வழுக்கும். அதனால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று புதிதாக வாங்கி வந்ததைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, கால் பழகிய பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு, அளவெடுத்தாற்போல ஹீல்ஸ் போய் மாட்டுகிற அகலம்தான்.

வேலை விஷயமாகவோ, ஐரோப்பா சுற்றுப்பயணத்தின் நடுவிலோ இங்கே வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "ஒரு நாள்தான் இருக்கு, என்னென்ன பார்க்கலாம்?" கேட்கும்போதே கையில் ஒரு பட்டியலும் இருக்கும். என் மைத்துனர் பதினாலு இடம் எழுதிக்கொண்டு வந்தார். மாலை ஆறு மணிக்கு ஒன்பதாவது இடத்தின் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "நீ போய்ப் பாத்துட்டு வா மச்சான், நான் இங்கயே இருக்கேன்" என்றார். அந்த நாளில் அவருக்கு மனதில் நின்றது எது என்று கேட்டால், அந்த வாசற்படியிலிருந்து தெரிந்த தண்ணீர்தானாம்.

அதற்குப் பிறகு நான் பட்டியல் போடுவதை விட்டுவிட்டேன். வடக்கிலிருந்து தெற்கே ஒரே கோடு, சுமார் ஆறு கிலோமீட்டர், அதை ஒரு முழுப் பகல் எடுத்துக்கொண்டு நடப்பது, அவ்வளவுதான் திட்டம். நகரம் 14 தீவுகளின் மேல் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும், வழி தவறினாலும் தண்ணீரை வைத்தே திரும்பப் பிடித்துவிடலாம். ஆகவே போனை அடிக்கடி வெளியே எடுக்க வேண்டியதில்லை.

சீக்கிரம் எழுந்து கிளம்பிப் பயனில்லை. கடைகளும் மியூசியங்களும் பெரும்பாலும் 10 மணிக்கு மேல்தான் திறக்கும். கோடையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, ஜூன் கடைசியில் காலை மூன்றரைக்கே விடிந்து இரவு 10 மணி தாண்டித்தான் சூரியன் மறையும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வந்தால் நான் சொல்கிற வரிசையில் அப்படியே நடக்கலாம். டிசம்பரில் வந்தால் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

பையில் என்ன வேண்டும்? ஒரு காலி தண்ணீர் பாட்டில் (குழாய்த் தண்ணீரை யோசிக்காமல் குடிக்கலாம், காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவது இங்கே வீண் செலவு), காற்றைத் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட், வெளிநாட்டில் வேலை செய்கிற ஒரு வங்கி அட்டை. பணத்தாள் மாற்றிக்கொண்டு வராதீர்கள். நிறையக் கடைகளில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள், கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். பொதுக் கழிப்பறைக்கும் பல இடங்களில் அட்டையைக் காட்டித்தான் பத்து குரோனர் (இந்த நாட்டுப் பணம்) கட்ட வேண்டும். என் சித்தப்பா ஒருமுறை கை நிறைய ரூபாயும் யூரோவும் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற நிலையை இங்கே விவரிக்க மாட்டேன். சாப்பிட உட்காருகிற ஒவ்வொரு இடத்திலும் போய்விட்டு வந்துவிடுங்கள், அவசரமோ இல்லையோ.

சரி, கிளம்புவோம். மெட்ரோவில் ஹோட்டோரியெட் நிலையத்தில் இறங்கி மேலே வாருங்கள். வெளியே சதுக்கம் முழுக்கப் பழக்கடை, காய்கறிக்கடை, பூக்கடை. கூவி விற்கிற வியாபாரிகளை இந்த அமைதியான ஊரில் பார்க்க முடிகிற அபூர்வமான இடம் இது. ஜூன், ஜூலையில் ஸ்ட்ராபெரி, ஆகஸ்ட் வாக்கில் மஞ்சள் நிறக் காட்டுக் காளான். இரண்டையுமே எடை போடாமல் லிட்டர் கணக்கில் அளந்து விற்பார்கள், நம் ஊரில் படியால் அளந்து போட்ட மாதிரி. ஒரு லிட்டர் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வரும் என்று நினைப்பீர்கள், வராது.

சதுக்கத்தின் ஒரு பக்கம் உயரமான தூண்களோடு நீல நிறத்தில் நிற்கும் கட்டடம்தான் கச்சேரி மண்டபம். 1926-இல் திறந்தது. ஒவ்வொரு டிசம்பர் 10-ஆம் தேதியும் நோபல் பரிசு கொடுப்பது இங்கேதான் (அமைதிப் பரிசு மட்டும் ஆஸ்லோவில்). திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1930-இல் பரிசு வாங்கியதும் இதே மண்டபத்தில்தான். 1983-இல் வானியற்பியலாளர் சந்திரசேகர், 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இந்த விவரம் தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி தின்றுவிட்டுப் போன நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேரோ. நீங்களும் உட்கார்ந்து தின்னுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு தின்னுங்கள். வெயில் முதலில் விழுகிற படிகள் அவை.

அங்கிருந்து சதுக்கத்தின் மேற்கே ட்ரோட்னிங்காட்டன் என்ற நீளமான கடைத்தெரு. ராணி வீதி என்று அர்த்தம். அதில் தெற்குப் பார்த்து நடந்தால் போதும், திருப்பமே கிடையாது. எந்த ஊரிலும் இருக்கிற அதே துணிக்கடைகள், அதே நினைவுப்பொருள் கடைகள், நிற்காமல் போய்விடலாம். வண்டி நுழையாதபடி தெருவில் வைத்திருக்கும் சிங்கச் சிலைகள் மேல் குழந்தைகள் ஏறி உட்காரும், உங்கள் குழந்தையும் கேட்கும், அதற்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். குறுக்குத் தெருக்களைக் கடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடைபாதையை ஒட்டி சைக்கிள் படம் போட்ட பாதை இருந்தால் அதில் கால் வைக்காதீர்கள். பொதுவாக யாரையும் முறைக்காத சுவீடன்காரர்கள், சைக்கிள் மேல் இருக்கும்போது மட்டும் வேறு ஆள்.

தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், ரிக்ஸ்ப்ரூன். அதற்கு அப்பால் நாடாளுமன்றம். எல்லாரும் பாலத்தைத் தாண்டி வளைவுக்குள் ஓடிவிடுவார்கள். நீங்கள் பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடியில் சாய்ந்து கீழே பாருங்கள். தண்ணீர் அப்படி ஒரு வேகத்தில் போகும். இது ஆறு இல்லை. மேற்கே இருப்பது மேலாரென் என்ற பெரிய நன்னீர் ஏரி, கிழக்கே பால்டிக் கடல், ஏரியின் மட்டம் கடலைவிடச் சராசரியாக 70 சென்டிமீட்டர் அளவு உயரம். அந்த முக்கால் மீட்டர் வித்தியாசம்தான் இப்படி நகரத்தின் நடுவே இரைந்துகொண்டு ஓடுகிறது. இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் போகிற கப்பல்களை எல்லாம் கட்டுப்படுத்தலாம். 13-ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை வந்ததும், அதைச் சுற்றி ஊர் வளர்ந்ததும் அதனால்தான்.

நாடாளுமன்றத் தீவின் கிழக்கு முனைப் பக்கம் போனால் தூண்டிலோடு ஆட்கள் நிற்பார்கள். இந்த நீரில் தூண்டில் போட உரிமச் சீட்டு வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் ஒபேரா மாளிகை, நடுவில் முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் சால்மன் மீனுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த வரையில் மீன் மாட்டுவது அபூர்வம். பக்கத்தில் போய் நின்றால் அவர் பேச மாட்டார், நீங்களும் பேச வேண்டாம். பத்து நிமிடம் சும்மா நின்றால் ஊரின் வேகம் உங்களுக்கு வந்துவிடும், மீதி நாளுக்கு அதுதான் தேவை.

அடுத்தது அரண்மனை. பழைய கோட்டை 1697-இல் எரிந்துபோய், அந்த இடத்தில் கட்டிய இப்போதைய அரண்மனையில் 600-க்கு மேல் அறைகள். உள்ளே போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அரை நாள் போய்விடும். கோடையில் நண்பகல் வாக்கில் காவலர் மாறும் சடங்கு நடக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தள்ளி. முற்றத்தில் கூட்டத்துக்குப் பின்னால் குதிகால் உயர்த்தி நிற்பதைவிட, வாத்தியக் குழு தெருவில் அணிவகுத்து வருகிற வழியில் எங்காவது நின்றுகொண்டால் நன்றாகவே தெரியும், நன்றாகவே கேட்கும்.

அரண்மனையின் தெற்குப் பக்கச் சரிவில், எதிரே பின்லாந்துத் தேவாலயம். அதன் பின்னால் ஒரு குட்டி முற்றம் இருக்கிறது, பலகை எதுவும் பெரிதாகக் கிடையாது, தயங்காமல் நுழையுங்கள். அங்கேதான் என் மருமகளுக்கு (அக்கா மகள், ஏழு வயது) இந்த ஊரிலேயே பிடித்த ஆள் உட்கார்ந்திருக்கிறான். இரும்புப் பையன். 15 சென்டிமீட்டர் உயரம், ஒரு குட்டிக் கட்டில் மாதிரியான பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிலாவைப் பார்க்கிறான். லிஸ் எரிக்சன் என்ற சிற்பி செய்தது. தலையைத் தடவிக் கொடுத்தால் நல்லது நடக்கும் என்று தடவித் தடவி உச்சந்தலை மட்டும் பளபளவென்று இருக்கும். காலடியில் சில்லறை, மிட்டாய். குளிர்காலத்தில் போனால் யாரோ அவன் அளவுக்குப் பின்னிப் போட்ட கம்பளிக் குல்லாயும் மப்ளரும் மாட்டியிருப்பான், யார் பின்னுகிறார்கள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. குனிந்து பாருங்கள், நின்றபடி போட்டோ எடுத்தால் ஒன்றும் தெரியாது.

அங்கிருந்து இரண்டு நிமிடம் கீழே இறங்கினால் வேதாளம் மாதிரி ஒரு பூதப்பிராணியைக் குதிரைமேல் இருந்து வெட்டுகிற வீரனின் வெண்கலச் சிலை. புனித ஜார்ஜும் டிராகனும். மூலம் மரத்தில் செய்தது, 1489-ஆம் ஆண்டையது, மேலே பெரிய தேவாலயத்துக்குள் இருக்கிறது, அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். செதுக்கலில் ஆர்வம் இருந்தால் வாங்குங்கள், டிராகனின் முதுகு முள்ளுக்கு நிஜ மான்கொம்பு வைத்துச் செய்திருக்கிறார்கள், இரண்டு குழந்தைகளை வைத்திருப்பவர்கள் வெண்கலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிலையிலிருந்து சந்தில் மேலே ஏறினால் ஸ்டூர்டோரியெட், ஊரின் மிகப் பழைய சதுக்கம். சிவப்பு, மஞ்சள் வீடுகள், எல்லாத் தபால் அட்டையிலும் இருப்பவை. 1520 நவம்பரில் டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்டியன், மன்னிப்பு என்று நம்பவைத்து விருந்து கொடுத்து, எண்பதுக்கு மேற்பட்டவர்களை இந்தச் சதுக்கத்தில் கொன்றான். இன்றைக்கு அதே கல்லின்மேல் உட்கார்ந்து எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம். சதுக்கத்தின் வடக்கே நோபல் மியூசியம். அங்குள்ள உணவகத்து நாற்காலிகளின் அடிப்பக்கம் பரிசு பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், சாப்பிட உட்காருமுன் திருப்பிப் பார்ப்பதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு உபாயம் இருக்கிறது. வார நாட்களில் 11-லிருந்து 2 மணி வரை உணவகங்களில் 'தாகென்ஸ் லுன்ச்' என்று எழுதியிருப்பார்கள், அன்றைய சாப்பாடு என்று பொருள். ஒரு முக்கிய உணவு, சாலட், ரொட்டி, வெண்ணெய், காபி எல்லாம் ஒரே விலையில், ஏறக்குறைய 130-லிருந்து 160 குரோனருக்குள். இதே உணவகத்தில் இரவு வந்தால் இரண்டு மடங்கு ஆகும். அதனால் மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரவு லேசாக முடித்துக்கொள்வதுதான் கணக்கு. சைவம் கட்டாயம் இருக்கும், 'வெகெத்தாரிஸ்க்' என்று கேட்டால் போதும். முட்டையும் சாப்பிடாதவர் என்றால் 'வெகான்ஸ்க்' என்று கேளுங்கள். காரத்தை எதிர்பார்க்காதீர்கள். என் அம்மா வந்திருந்தபோது கைப்பையில் பருப்புப்பொடி டப்பா இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிடாதீர்கள், சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப்போய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டிய இடங்கள் அதிகம்.

சாப்பிட்டதும் ரொம்ப நடக்கக் கூடாது. மேற்குப் பக்கம் சரிவில் இறங்கி, ஒரு பாலம் தாண்டினால் ரித்தார்ஹோல்மன் என்ற சின்னத் தீவு. மொத்தமே ஒரு தேவாலயம், சில பழைய மாளிகைகள், தண்ணீர் ஓரம் ஒரு திறந்த மேடை. இரும்புக் கூர்முனை கொண்ட அந்தத் தேவாலயத்தில்தான் நூற்றாண்டுக் கணக்கில் அரசர்களைப் புதைத்திருக்கிறார்கள். கடை கிடையாது, அதனால் கூட்டமும் கிடையாது. கல்படியில் கால் நீட்டி உட்காருங்கள், எதிரே நகரசபைக் கட்டடம், சிவப்புச் செங்கல், 106 மீட்டர் கோபுரம், உச்சியில் மூன்று கிரீடம். நோபல் விருந்து நடப்பது அதற்குள் இருக்கும் நீல மண்டபத்தில். மண்டபம் நீலமாக இருக்காது. பூசலாம் என்றுதான் கட்டடக் கலைஞர் ரக்னர் ஓஸ்ட்பெரி திட்டம் போட்டிருந்தார், செங்கல் எழும்பியதும் அதன் அழகைப் பார்த்துப் பூச மனம் வரவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இங்கே ஒரு குட்டித் தூக்கம் போடலாம். நான் போட்டிருக்கிறேன்.

எழுந்து வந்த வழியே சரிவில் மேலே ஏறுங்கள். முதலில் குறுக்கே வருவது வெஸ்டர்லோங்காட்டன். காம்லா ஸ்தானுக்கு, அதாவது பழைய ஊருக்கு, வருகிற கூட்டம் முழுக்க அந்தத் தெருவில்தான் போகும். காந்தம், டி-ஷர்ட், வைக்கிங் தொப்பி. நீங்கள் அதைக் கடந்து இன்னும் கொஞ்சம் ஏறி அடுத்த சந்தில் வலப்பக்கம் திரும்புங்கள். பிரெஸ்ட்காட்டன். இரண்டு தெருவும் ஒன்றுக்கொன்று இணையாகவே போகின்றன, நடுவில் ஒரு வரிசை வீடுதான், ஆனால் இங்கே உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். கொஞ்ச தூரத்தில் கோக்பிரிங்கன் என்ற சந்து குறுக்கே வரும் மூலையில், சுவரின் அடியில் பாருங்கள். ஒரு பழைய பீரங்கிக் குழாய் நட்டுவைத்திருக்கும், வண்டிச் சக்கரம் மூலையை இடிக்காமல் இருக்க. அதன் பக்கத்தில், சுவரோடு சுவராக ஒரு உடைந்த கல், அதில் பாம்பு மாதிரி வளைகிற பட்டையில் எழுத்து. ரூன் என்ற பழங்கால எழுத்து பொறித்த கல். டோர்ஸ்டேன், ஃப்ரோகுன் என்ற தம்பதி தங்கள் மகன் நினைவாக நிறுத்தியது. ஆயிரம் ஆண்டு வாக்கில் பழையது, இந்த ஊரே அதற்கு அப்புறம் வந்தது. யாரோ ஒரு கொத்தனார் வீடு கட்டும்போது நல்ல கல்லாக இருக்கிறதே என்று எடுத்து வைத்துவிட்டான். மகன் பெயர் இருந்த துண்டு போய்விட்டது, பெற்றவர்கள் பெயர் மட்டும் மூலையில் நிற்கிறது. நடுகல் பார்த்துப் பழகிய நமக்கு இதைக் கடந்துபோகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கண்ணாடியும் இல்லை, கயிறும் இல்லை, கை வைக்கிற உயரத்தில் இருக்கிறது.

பிரெஸ்ட்காட்டன் தெற்கே முடிகிற இடத்தில் மோர்ட்டன் ட்ரோட்சிக் சந்து. 90 சென்டிமீட்டர் அகலம், 36 படி, ஊரின் மிகக் குறுகிய சந்து. மேலிருந்து வருவதால் நமக்கு இறக்கம், கீழிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு இறங்குங்கள்.

இறங்கினால் ஸ்லுசென். பெயருக்கு அர்த்தமே மடை என்பதுதான், ஏரியிலிருந்து கடலுக்குப் படகு இறங்குகிற இடம். பளபளக்கிற அந்தப் பொன்னிறப் பாலம் சீனாவில் செய்து 2020-இல் கப்பலில் முழுசாகக் கொண்டுவந்தது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியில் பொரித்த ஸ்ட்ரோமிங் விற்கும் வண்டியைத் தேடுங்கள். நம் மத்தியின் குடும்பத்து மீன், மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, மொறுமொறுப்பான ரொட்டியின் மேல் வெங்காயமும் சோயிக்கீரையும் தூவித் தருவார்கள். கையில் வாங்கியதும் மேலே ஒரு கண் இருக்கட்டும், கடற்காகங்கள் ரொம்பக் கெட்டிக்காரர்கள்.

இங்கிருந்து படகு பிடித்து எதிர்த் தீவுக்குப் போனால் வாசா கப்பல் மியூசியம். 1628-இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் முழுகி, 1961-இல் மேலே எடுத்த கப்பல். அருமையான இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மூன்று மணி நேரம் வேண்டும். இன்னொரு நாள் இருந்தால் அதற்கென்று வையுங்கள், இன்றைக்கு வேண்டாம்.

ஸ்லுசெனிலிருந்து ஹோர்ன்ஸ்காட்டன் தெருவில் மேற்கே நடந்தால் மரியாடோரியெட் பூங்கா. மணி மூன்றரை, நாலு ஆகியிருக்கும், ஃபீகா நேரம். காபியும் ஒரு தின்பண்டமும் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். உட்கார்ந்து, இன்னொரு ஆளோடு, வேறு எதுவும் செய்யாமல் சாப்பிட்டால்தான் ஃபீகா, கப்பைக் கையில் பிடித்து நடந்தால் அது வெறும் காபி. பட்டை போட்ட பன் பேர் போனது, நான் ஏலக்காய் பன்னைத்தான் சொல்வேன். ஏலக்காயை மாவாக்காமல் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டிருப்பார்கள், கறுப்பு விதை பல்லில் கடிபடும், வாசனை விரலிலேயே நின்றுவிடும். சாதாரணக் காபி வாங்கினால் பல இடங்களில் இரண்டாவது கப் இலவசம், 'போத்தோர்' என்று கேளுங்கள். கடையில் எண் சீட்டு எடுக்கும் பெட்டி இருந்தால் முதலில் சீட்டை எடுங்கள், கவுண்டர் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் எண் இல்லாதவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பூங்காவுக்கு எதிரே, தெருவின் வடக்குப் பக்கம் மேடாக இருக்கும் சந்துகளில் ஏதாவது ஒன்றில் ஏறினால் பாறை விளிம்பில் போகிற மொன்டேலியுஸ்வேகன் பாதை. அரை கிலோமீட்டர்தான். காலையிலிருந்து நடந்தது எல்லாம் இப்போது கீழே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் வரிசையாகத் தெரியும், தூங்கின படிக்கட்டு உட்பட. இங்கே பெஞ்சு கிடைத்தால் விடாதீர்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வருகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். டிசம்பர் நடுவில் மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதனால் காலை 10 மணிக்கு இந்தப் பாறையில் தொடங்கி வடக்கே நடந்து, விளக்கு ஏற்றிய பழைய சந்துகளுக்கு மதியம் வந்து சேருங்கள், அந்த வெளிச்சத்தில் அவை இன்னும் அழகு. ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள்பட்டை எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். சுவரோரம் 'ராஸ்ரிஸ்க்' என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பக்கம் ஒதுங்காதீர்கள், கூரையிலிருந்து பனிக்கட்டி விழும். மழை விடாமல் பெய்கிற நாளில் நடையையே விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறி, சுவரோவியம் வரைந்த நிலையங்களாகப் பார்த்து இறங்கி ஏறலாம். நீலக் கொடி படர்ந்த டி-சென்ட்ராலன், சிவந்த குகை மாதிரி இருக்கும் சூல்னா சென்ட்ரும். ஒரு சீட்டு 75 நிமிடம் செல்லும்.

திரும்புவதற்கு மரியாடோரியெட் மெட்ரோ நிலையம் சில நிமிட நடை. வங்கி அட்டையை வாசலில் காட்டினால் போதும். சிவப்புத் தடம், வடக்கு நோக்கிப் போகிற ரயில், மூன்றாவது நிறுத்தம் டி-சென்ட்ராலன். ஜன்னலோரம் உட்காருங்கள், ஸ்லுசென் தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேல் போகும்.